சென்ட்ரல்காரர் கேட்ட சேவல்

முப்பிடாதிக்குக் கோபம் வந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். சத்தம் போடமாட்டாள், சாபம் விடமாட்டாள், சட்டியை உருட்டமாட்டாள். வாய் நிறையச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எதற்கென்று தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன் மாசானம். அவள் சிரிக்க ஆரம்பித்தால், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறகு வாங்கக் கிளம்பிவிடுவார்.

குருவிப்பொத்தை என்ற சிறு குன்றின் அடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு கோழிக்கறிச் சாப்பாட்டுக் கடை இருந்தது. பொத்தையின் இடுப்பில் பழைய குடைவரைக் கோயில் ஒன்று. உள்ளே மூக்கு உடைந்த இரண்டு துவாரபாலகர்களும் ஏகப்பட்ட வௌவால்களும் குடியிருந்தார்கள். கோயிலைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு முப்பிடாதியின் குழம்புக்காக வருகிறவர்கள்தான் அதிகம். கடைக்குப் பின்னால் கூடு கட்டி அவளே கோழி வளர்த்தாள். அரைப்பும் அவளே, அடுப்பும் அவளே. பரிமாறுவதும் கல்லாவில் உட்கார்ந்து எல்லோருக்கும் நல்லவராக இருப்பதும் மாசானத்தின் வேலை.

ஒரு ஐப்பசி மழையில் கடைக் கூரை ஒழுகத் தொடங்கியது. உத்தரம் உளுத்துப் போயிருந்தது. ஓடுகள் பாதி உடைந்திருந்தன. வாடிக்கையாக வரும் லாரிக்காரர் ஒருவர் இலையைப் பார்த்துவிட்டு, "ஏ மதினி, ரசம் குடிக்கக் குடிக்கக் கூடிக்கிட்டே வருதே, என்ன மாயம்?" என்று கேட்டார். கடையே சிரித்தது. முப்பிடாதியும் சிரித்தாள். மாசானம் விறகு வாங்கப் போய்விட்டார்.

ஓடு மாற்றுவது ஒருநாள் வேலை. ஆனால் கோயில் மத்திய அரசின் பாதுகாப்பில் இருந்தது. அதன் பக்கத்தில் யார் வீட்டில் ஆணி அடித்தாலும் பழஞ்சின்னக் காப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பொத்தை அடியிலேயே ஒற்றை அறையில் அந்த அலுவலகம். அதற்கு அதிகாரி ஞானசுந்தரம். வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, பையில் மூன்று பேனா, பேச்சில் முழுக்கத் தேன்.

"பாரும்மா, எனக்குக் காசுன்னா விஷம். இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பைசா கைநீட்டி வாங்கினதில்ல. என் கைய மோந்து பாரு, ரூபாய் வாசனையே வராது" என்றார் முதல் நாளே.

அது முழு உண்மை. அவர் காசைத் தொடமாட்டார். பேசிக்கொண்டே கோழிக்கூட்டின் பக்கம் பார்ப்பார். "அந்தச் செவலைக் கோழி முட்டை போடுதா?" என்பார். பார்த்த பார்வையிலேயே கோழிக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்பாள் முப்பிடாதி.

முதலில் தூக்குவாளியில் குழம்பு போனது. மலை ஏறி இறங்குகிற மனுசன், சாப்பிடட்டுமே என்று அவளே அனுப்பினாள். பிறகு செவலைக் கோழி போனது. பிறகு கருப்பட்டி, நல்லெண்ணெய், இன்னொரு கோழி. ஒவ்வொன்றுக்கும், "ஃபைலு நகருதும்மா" என்றார். எங்கே நகர்ந்தது என்றுதான் தெரியவில்லை. தை பிறந்தது. கூரை மேல் போட்ட தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் கடைக்கே வந்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, பின்பக்கம் போய்க் கைகழுவினார். கூட்டுக்கு மேலே ஒரு சேவல் நின்றுகொண்டிருந்தது. கருஞ்சிவப்பு உடம்பு, பச்சை மின்னும் வால். அந்த ஊரில் அதற்கு ஈடான சேவல் கிடையாது.

"மேலதிகாரி திங்கக்கிழமை வர்றாரும்மா. அவர் பாத்துட்டா உன் பேப்பர் அன்னைக்கே கையெழுத்து. இதை அவருக்குக் குடுத்துடலாம்."

"சார், இது மாடசாமிக்கு நேந்து விட்டது. சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு வெட்டணும்."

"சாமி கோச்சுக்குமா? நான் கோச்சுக்குவேன்ல?" என்றார் ஞானசுந்தரம், அதே தேன் குரலில்.

முப்பிடாதி சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார்.

"ஏட்டி, வேண்டாம்" என்றார் மாசானம் கல்லாவிலிருந்து. "சேவல்தான? குடுத்துத் தொலைப்போம். மாடனுக்கு வேற வாங்கிக்கிடலாம்."

"மாடனுக்கு ரெண்டாந்தரம், இந்தச் சவத்துக்கு மொதத்தரமா? நீரு இலையப் போடும்."

மறுநாள் காலை அவள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் சவரிராயன் அவள் கடையில் ஞாயிறுதோறும் சாப்பிடுகிறவர். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர். முழுவதையும் கேட்டுவிட்டுக் காதைச் சொறிந்தார்.

"எக்கா, திருட்டுன்னு வாங்க, இப்பவே தூக்குதேன். அடிதடின்னு வாங்க, இப்பவே உள்ள வைக்கேன். லஞ்சம்னா நான் தொடப்பிடாது. அதுக்குத் தனி ஆபீஸ், டிஎஸ்பி ரேங்க்குல ஆளு உண்டு. கோழி களவு போச்சுன்னு வேணா எழுதித் தாங்களேன்?"

"அவரு களவாங்கலயே சார். நானே கழுத்தப் பிடிச்சில்லா குடுத்தேன்."

"அதான சிக்கலு!" என்றார் இன்ஸ்பெக்டர். பஸ் நம்பரை மட்டும் சரியாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

மாவட்டத் தலைநகரில் லஞ்ச ஒழிப்பு அலுவலகம். முன்னறையில் இருந்தவர் பேனாவைக்கூடத் திறக்கவில்லை. "ஆளு ஸ்டேட்டா, சென்ட்ரலா?" என்று கேட்டார்.

"சென்ட்ரலுன்னுதான் போர்டுல போட்டிருக்கு."

"அப்போ நம்ம எல்லையில வரமாட்டாரும்மா. சிபிஐக்குப் போங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாசானம் கையிலிருந்த இலையைக் கீழே போட்டுவிட்டார். "சிபிஐயா? கோழிக்கா? ஏட்டி, டெல்லியில இருந்து விமானத்துலயா வருவாவ?"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பட்டாளத்துச் சங்கிலி அண்ணாச்சி, தனக்கு இந்தி தெரியும், தானே பேசித் தருகிறேன் என்றார். யாரிடமோ நம்பர் வாங்கி, அதில் ஒரு எண்ணைத் தப்பாக அழுத்திவிட்டார். எடுத்தவரிடம், சேவலுக்கு இந்தியில் சொல்கிற "முர்கா! முர்கா!" என்ற வார்த்தையை ராணுவக் குரலில் முழங்கினார். மறுமுனைக்காரர் ரொம்ப மரியாதையாக ஏதோ கேட்டார்.

"என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?"

சங்கிலி அண்ணாச்சி போனை மெல்லக் கீழே வைத்தார். "முழுசா வேணுமா, பாதி போதுமான்னு கேக்கான். ஏதோ ஓட்டல் போல."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க முப்பிடாதி யோசித்தாள். ஊர்ப் போலீசுக்கு ரேங்க் போதாது. ஜில்லாப் போலீசுக்கு எல்லை போதாது. டெல்லிக்குப் போனால் சமைத்துத் தரவா என்கிறான். யாருடைய எல்லையிலும் வராத ஒரே உயிர் ஞானசுந்தரம்தான். அவர் எல்லைக்குள்தான் எல்லாக் கோழியும் வந்துவிடுகிறது.

திங்கட்கிழமை விடிந்ததும், சேவலைப் பனையோலைப் பெட்டியில் வைத்து, அதே லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்குப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். முன்னறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டே சொன்னார்: "எம்மா, அன்னைக்கே சொன்னேன்லா?"

"சொன்னிய சார். நான் இருந்துட்டுப் போறேன். எங்க போனாலும் எல்லை முடிஞ்சிருதுங்காவ. இந்தப் பெஞ்சு உங்க எல்லைதான?"

அவர் பதில் யோசிப்பதற்குள் சேவல் கூவியது. உயர்ந்த கூரை, நல்ல எதிரொலி. அதற்கே தன் குரல் பிடித்துப்போய் மறுபடியும் கூவியது. உள்ளறைக் கதவு திறந்தது.

"ஏனுங்க, ஆபீசுக்குள்ள சேவலு கூவுது?" என்று கேட்டபடி ஒரு பெண் வெளியே வந்தார். பருத்திப் புடவை, கையில் பாதி கடித்த வடை. போன வாரம்தான் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்திருந்த டிஎஸ்பி மயிலாத்தாள்.

முப்பிடாதி ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். மயிலாத்தாள் வடையை முடித்துவிட்டு முன்னறைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சம்பளம் டெல்லியில இருந்து வந்தா என்னங்க, தாலுகாபீசுல இருந்து வந்தா என்னங்க? குத்தம் நம்ம ஜில்லாவுல நடக்குது. சிபிஐயும் பிடிக்கலாம், நாமளும் பிடிக்கலாம். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சுங்க."

"அப்போ இவரு ஏன் முடியாதுன்னாரு?"

"வெயில் நேரமுங்க. வெளிய போக யாருக்குப் பிடிக்கும்?" என்றார் டிஎஸ்பி. "ஒண்ணு கேக்கறேன். அவரு பணமே கேக்கலீங்களா?"

"காசு அவருக்கு விஷமாம்."

"சேவலும் லஞ்சந்தானுங்க. கைல வாங்குறப்போ கையோட பிடிச்சா, மேல யாருகிட்டயும் முன்கூட்டி அனுமதி கேக்க வேண்டியதில்லீங்க. இன்னைக்கேவா கேட்டிருக்காரு?"

"இன்னைக்கி மத்தியானத்துக்குள்ள."

அலுவலகம் பரபரப்பானது. சட்டப்படி வேறு துறையிலிருந்து இரண்டு அரசு ஊழியர்கள் சாட்சிக்கு வேண்டும். மீன்வளத் துறையிலிருந்து ஒரு உதவியாளரும் நூலகத் துறையிலிருந்து ஒல்லியான கண்ணாடிக்காரர் ஒருவரும் வந்தார்கள். எதற்கென்று தெரியாமல் வந்த நூலகருக்குச் சேவலைக் கண்டதும் முகம் வெளிறியது. அவருக்குக் கோழி என்றால் பயம்.

வழக்கமாக நோட்டில் தடவுகிற வெள்ளைப் பொடியைச் சேவலின் இறகில் தடவ வேண்டும். தொட்ட கையைச் சோடாக் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். நோட்டு சும்மா படுத்திருக்கும். சேவல் அப்படிப்பட்டதா? ஒரு காவலர் பிடிக்க, இன்னொருவர் தடவ, சேவல் ஒரே உதறு உதறியது. பொடி அறை முழுக்கப் பறந்தது. கைகழுவிப் பார்த்தால் எல்லோர் கையும் ரோஸ். மீன்வளத் துறைக்காரர் காதும் ரோஸ். முன்னறைக்காரர் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார், அவருக்கும் ரோஸ்.

"இப்போ நம்ம ஆபீசே மாட்டிக்கிச்சுங்க" என்றார் மயிலாத்தாள். எல்லோரையும் சோப்புப் போட்டுக் குளிக்காத குறையாகக் கழுவவைத்து, தண்ணீர் நிறம் மாறாமல் நிற்கும்வரை விடவில்லை. இரண்டாம் முறை முப்பிடாதி சேவலின் கண்ணைத் தன் முந்தானையால் மூடிக்கொள்ள, அது பூனைபோல அடங்கியது. பொடி தடவி, பெட்டியில் வைத்து மூடி, மறுபடி எல்லோரும் கழுவினார்கள்.

"நீங்களா எடுத்து நீட்டக் கூடாதுங்க. அவரு வாயால கேக்கோணும், அவரு கையால எடுக்கோணும். எடுத்ததும் நீங்க முந்தானையால மொகத்தத் தொடைங்க. அதான் எங்களுக்குச் சைகை."

நூலகரை அவள் கொழுந்தன் என்று சொல்லிக் கூட்டிப்போவதென்று முடிவானது. "வாரும் கொழுந்தனாரே" என்று அவள் கூப்பிட்டதும் அவர் பெட்டியிலிருந்து நான்கடி தள்ளியே நடந்தார்.

ஞானசுந்தரம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாம்மா, வா. கொண்டு வந்தியா?"

"எத சார்?"

"அதாம்மா."

"எதுன்னு சொன்னாத்தான சார் தெரியும்? நான் கடையில நூறு வேலையா இருக்கேன்."

"சேவல்மா, சேவல்!"

"எந்தச் சேவலு சார்?"

"உங்க மாடசாமிக்கு விட்டிருக்கியே, அது! அது வந்தாத்தான் உன் கூரை ஓட்டுக்குக் கையெழுத்துன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். கூரை ஒழுகி ஒழுகிக் காது அடச்சிருக்கு."

ஞானசுந்தரம் சொன்னார். பொத்தையில் இருந்த குரங்குகளுக்கும் கேட்கும்படி சொன்னார். நூலகர் ஆடிப்போய் நின்றார்.

"பெட்டிக்குள்ள இருக்கு சார். எனக்கு எடுக்க மனசு வரல. நேர்ச்சைச் சேவலு பாருங்க."

"உனக்கு ஏம்மா பாவம், நானே எடுத்துக்கறேன்" என்று மூடியைத் திறந்து இரண்டு கையாலும் தூக்கினார். சேவல் அவர் முகத்தில் ஒரு இறக்கை அடி கொடுத்துவிட்டுத் துள்ளிக் கோயில் படிக்கட்டில் ஏறி ஓடியது. மேலதிகாரிக்கு வைத்த விருந்தாயிற்றே, விடுவாரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் தூண்களைச் சுற்றிச் சேவல் ஒரு வலம், அதிகாரி ஒரு வலம். கடைசியில் மூக்குடைந்த துவாரபாலகரின் காலடியில் அதைப் பிடித்து, குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார். விபூதிக்கு மேலேயும் பொடி, சட்டையிலும் பொடி.

முகத்தைத் துடைக்கவேண்டிய முப்பிடாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை கோபச் சிரிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. சைகை மறந்தே போயிற்று. நூலகர்தான் பொறுக்கமாட்டாமல் இரண்டு கையையும் தூக்கி, "வாங்க! வாங்க! எடுத்துட்டாரு!" என்று கத்தினார்.

ரோட்டோரக் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த போலீஸ் வந்தது. ஞானசுந்தரம் சேவலை விடாமலே கேட்டார்: "யார் நீங்க? ஸ்டேட்டா? நான் சென்ட்ரல் கவர்ன்மென்ட்! என்மேல கை வைக்க உங்களுக்கு எல்லை கிடையாது!"

"நாங்க கை வைக்கலீங்க. நீங்கதான் கைய இந்தத் தண்ணியில வைக்கோணும்."

"இதுக்கெல்லாம் டிஎஸ்பி ரேங்க்ல வரணும், தெரியுமா? சேலை கட்டிக்கிட்டு யார் வேணா வந்துடறதா?"

"நாந்தானுங்க டிஎஸ்பி" என்றார் மயிலாத்தாள்.

அவர் கையை முக்கினார். தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறியது. சட்டையைக் கழற்றி முக்கினார்கள். அதுவும் ரோஸ்.

வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. ஞானசுந்தரத்தின் வக்கீல் மேல்கோர்ட்டுக்குப் போனார். மத்திய அரசு ஊழியரை மாநிலப் போலீஸ் விசாரித்ததே செல்லாது, சேவல் கேட்டாரா கேட்கவில்லையா என்பது அப்புறம் என்றார். அந்த ஒரு கேள்வியே வருடக்கணக்கில் ஓடியது. அதுவரை சேவல் வழக்குச் சொத்து. கோர்ட்டு அதை முப்பிடாதியிடமே ஒப்படைத்தது. வெட்டமாட்டேன், விற்கமாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. சித்திரைக் கொடைக்கு மாடசாமியின் முன்னால் போய், "மாடா, கேசு நடக்கு. கொஞ்சம் பொறுத்துக்கிடு" என்றாள். மாடசாமியும் வாய்தாவுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். சேவலோ தன்னோடு பிறந்தவையெல்லாம் குழம்பாகிப் போக, கொழுத்துப் போய், கடைக்கு வருகிறவர்களைக் கொத்திக்கொண்டு திரிந்தது.

ஒரு வாய்தா நாளில் கோர்ட்டு வராந்தாவில் ஞானசுந்தரத்தைப் பார்த்தாள். மெலிந்திருந்தார். விபூதி மட்டும் அப்படியே இருந்தது. அவர் தயங்கித் தயங்கி வந்து, "சேவல் நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார்.

நக்கலாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஏனோ வரவில்லை. "நல்லா இருக்கு சார். நீங்க சாப்பிட்டியளா?" என்றாள்.

"கேன்டீன்ல. வாயில வைக்க முடியல" என்றார் அவர். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து நெடுநேரம் யாரோடும் பேசவில்லை. மாசானம் பயந்துபோனார். சிரித்தால் விறகு வாங்கப் போகலாம், பேசாமல் இருந்தால் எங்கே போவது?

மாநிலப் போலீசுக்கு அதிகாரம் உண்டு என்று மேல்கோர்ட்டு சொன்ன வாரத்தில், சேவல் செத்தது. வயசாகித்தான் செத்தது. ஆனால் வழக்குச் சொத்து சும்மா சாகலாமா? கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சவரிராயன் பந்தோபஸ்துக்கு நின்றார். இயற்கை மரணம் என்று சான்று வந்தது. மாடசாமிக்கு வேறு சேவல் வாங்கினார்கள். அது அத்தனை அழகில்லை. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

கீழ்க்கோர்ட்டில் நூலகரின் சாட்சியம்தான் பலமாக இருந்தது. சேவலின் ஓட்டம் முழுவதையும் அவர் நடுங்கிக்கொண்டே விவரித்தார். ஞானசுந்தரத்துக்குத் தண்டனை ஆயிற்று. மேல்முறையீடு செய்து வெளியே இருக்கிறார். அவர் இடத்துக்கு வந்த புது அதிகாரி, கைதான விஷயம் கேள்விப்பட்டே வந்தவர். ஓடு மாற்றுவதற்கான அனுமதியை வந்த வாரமே கொடுத்துவிட்டார். முப்பிடாதி ஒரு தம்ளர் மோர் நீட்டியதற்கு நாற்காலியோடு பின்வாங்கினார்.

புதுக் கூரைக்குக் கீழே ஒரு மத்தியானம் டிஎஸ்பி மயிலாத்தாள் சாப்பிட வந்தார். வயிறாரச் சாப்பிட்டார். எழுந்து கல்லாவுக்குப் போனபோது மாசானம் இரண்டு கையையும் ஆட்டினார்.

"ஐயோ, உங்ககிட்டப் போயி வாங்குவமா தாயி? இது உங்க கடை."

"வாங்கிக்கோணுமுங்க."

"வாங்கமாட்டோம்" என்றாள் முப்பிடாதி அடுப்படியிலிருந்து. "நீங்க எங்களுக்குச் செஞ்சதுக்கு இது எம்மாத்திரம்?"

"முப்பிடாதியம்மா, நானும் சர்க்கார் சம்பளம் வாங்குறவளுங்க. உங்க கோழிக்கொழம்பு எனக்குக் கேசு ஆயிரும். என்னையும் புடிக்க ஆளு இருக்குதுங்க."

முப்பிடாதி கரண்டியோடு வெளியே வந்தாள். அவள் கண்கள் பளபளத்தன. பக்கத்துப் பெஞ்சை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அப்படியா தாயி? சும்மா ஒரு இதுக்குக் கேக்கேன், தப்பா நினைச்சிராதிய. உங்களப் பிடிக்கணும்னா எந்த ஆபீசு?"

மாசானம் துண்டை எடுத்து உதறினார். டிஎஸ்பி காசை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.